லேப்ஜாக் டி7 ரிவ்யூ: காசிமேடு ஐஸ் கம்பெனில ஒவ்வொரு சேனலா செட் பண்ணி ஓட்டின கதை

முதல்லயே சொல்லிடறேன், லேப்ஜாக் டி7 நல்ல பெட்டி, தாராளமா வாங்கலாம். ஆனா டேட்டா அக்விசிஷன் பெட்டி, அதாவது சென்சார் குடுக்கற சிக்னலை நம்பரா மாத்தி கம்ப்யூட்டருக்கு அனுப்பற பெட்டின்னு எதை வாங்கினாலும் சரி, யூஎஸ்பி ஒயரை சொருகி சாஃப்ட்வேரைத் திறந்தா நம்பர் வந்துரும், வர்ற நம்பரு எல்லாமே சரியாத்தான் இருக்கும்னு நெனச்சு வாங்கறவங்கதான் ஜாஸ்தி, கொஞ்ச நாள்ல ரீடிங் தப்பா வருது பெட்டி சரியில்லன்னு மூலைல போட்டுடறாங்க. எனக்கு அதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா பாதி எடத்துல பெட்டி மேல ஒரு தப்பும் இருக்காது, இன்புட் சேனலை, அதாவது சென்சார் ஒயர் வந்து சேர்ற ஒவ்வொரு வழியையும், யாருமே உக்காந்து செட் பண்ணியிருக்க மாட்டாங்க. அதனால இந்த ரிவ்யூல டப்பா எப்படி வந்துது, கலர் என்ன, அதெல்லாம் பேசப்போறதில்ல, சேனல் செட்டிங்தான் பேசப்போறேன், இந்தப் பெட்டியோட பலமும் அங்கதான், கஷ்டமும் அங்கதான்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பாக்குறவன். திருவொற்றியூர், மணலி, எண்ணூர்னு வட சென்னை பக்கம் இருக்கிற சின்ன யூனிட்டுங்களுக்கு சென்சார் போடறது, ரீடிங்கை பதிவு பண்ற லாகர் போடறது, கேலிப்ரேஷன் பாத்து குடுக்கறதுதான் பொழப்பு. இந்த பெட்டியைப் போட்டது காசிமேட்டுல ஒரு ஐஸ் கம்பெனில. அமோனியா கம்ப்ரஸர், பெரிய உப்புத்தண்ணி டேங்க், அதுல கேனை எறக்கி ஐஸ் பார் புடிக்கிற பழைய மாடல் கம்பெனி. ஓனருக்கு வேண்டியது சிம்பிள், பிரைன் டேங்க்ல, அதாவது அந்த உப்புத்தண்ணி டேங்க்ல, மூணு எடத்துல டெம்பரேச்சர், கம்ப்ரஸர்ல இருந்து கேஸ் வெளிய வர்ற டிஸ்சார்ஜ் பைப்போட சூடு, கேஸ் உள்ள போற சக்ஷன், டிஸ்சார்ஜ் ரெண்டு பக்கத்து பிரஷர், மோட்டார் கரண்ட், இதெல்லாம் ராத்திரி பகல் பதிவாகணும், அவ்ளோதான். கரண்ட் பில்லுதான் அந்த தொழில்ல பெரிய செலவு, டேங்க் தேவைக்கு மேல கூலா போனாலும் காசு, போகலன்னாலும் பார் சரியா கட்டாது. வேலையை மீன்பிடி தடைக்காலத்துல வச்சுக்கிட்டோம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கு டிமாண்ட் கம்மி, டேங்க்ல கை வைக்கணும்னா அப்பதான் முடியும்.

அங்க ஏற்கனவே ஒரு ஏஜென்சி போட்டுக் குடுத்த லாகர் ஒண்ணு இருந்துது, கம்பெனி பேரு வேண்டாம். 16 பிட் பெட்டிதான், மோசமான ஐட்டம் கெடையாது. ஆனா எல்லா சேனலும் பேக்டரில இருந்து வந்தபடியே ±10 வோல்ட் ரேஞ்ச் (அளக்கற எல்லை), சிங்கிள் எண்டட்ல (இது என்னன்னு கீழ சொல்றேன்) இருந்துது. டிஸ்சார்ஜ் பைப்ல கட்டியிருந்த கே டைப் தெர்மோகப்பிளும் (ரெண்டு உலோக ஒயரைச் சேர்த்து, சூட்டுக்கு ஏத்த மாதிரி சின்ன வோல்டேஜ் குடுக்கற சென்சார்) அதே ±10 வோல்ட்ல. அந்த ஆபரேட்டர் அண்ணன் ஸ்க்ரீனைக் காட்டி கேட்டாரு, "இன்னா தம்பி இது, பைப்பு சூடு 96ங்குது, அடுத்த நிமிசம் 103ங்குது, நடுவுல நம்பரே கெடையாதா இதுக்கு?" அவரு கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி. நடுவுல நம்பர் கெடையாதுதான். கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் தான் குடுக்கும். ±10 வோல்ட்னா மொத்தம் 20 வோல்ட், அதை 16 பிட் பெட்டி 65,536 படியா பிரிக்குது, ஒரு படி 305 மைக்ரோவோல்ட். அப்ப ஒரு படி ஏறினா 7 டிகிரிக்கு மேல தாவும். சென்சார் சூப்பரா இருக்கு, பெட்டி சூப்பரா இருக்கு, ரேஞ்ச் மட்டும் தப்பு, அதனால மொத்த ரீடிங்கும் குப்பை.

டி7ல எனக்கு முதல்ல புடிச்சதே இதுதான், ரேஞ்ச் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா போடலாம், ±10, ±1, ±0.1, ±0.01 வோல்ட்னு நாலு ரேஞ்ச். பக்கத்து சேனல்ல பிரஷர் ட்ரான்ஸ்மிட்டர் (பிரஷரை சிக்னலா மாத்தற சென்சார்) வோல்ட் கணக்குல வந்துட்டு இருக்கும், இந்த சேனல்ல தெர்மோகப்பிள் மில்லிவோல்ட்ல வந்துட்டு இருக்கும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு பண்ணாம ஓடும். தெர்மோகப்பிளை ±0.1 வோல்ட்ல போட்டா ஒரு படி 3 மைக்ரோவோல்ட், அதாவது 0.1 டிகிரிக்கும் கீழ. அது போக ரெசல்யூஷன் இண்டெக்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, நம்பரை ஏத்த ஏத்த பெட்டி நெறைய சாம்பிள் எடுத்து ஆவரேஜ் பண்ணி குடுக்கும், ரீடிங் ஆடாம நிக்கும், அதுக்கு பதிலா வேகம் கம்மியாகும். நமக்கு செகண்டுக்கு ஒரு ரீடிங் போதும், அதனால வேகத்தைப் பத்தி கவலையே இல்ல.

அடுத்தது நெகட்டிவ் சேனல் செட்டிங். நெறைய பேரு இதைத் தொடவே மாட்டாங்க. ஒரு வோல்டேஜை அளக்கணும்னா ரெண்டு முனை வேணும், ஒரு முனை சென்சார் ஒயர், இன்னொண்ணு எதுன்னு கேள்வி. டி7ல நெகட்டிவ் சேனல் எடத்துல 199னு போட்டா அது சிங்கிள் எண்டட், பெட்டியோட கிரவுண்டை வச்சு அளக்கும். டிஃபரென்ஷியல் வேணும்னா ஜோடி போடணும், பாசிட்டிவ் இரட்டைப்படை நம்பரா இருக்கணும், நெகட்டிவ் அதுக்கு அடுத்த நம்பர், 0க்கு 1, 2க்கு 3, இப்படித்தான். இஷ்டத்துக்கு 0க்கு 5 ஜோடின்னு போட முடியாது, இதை ஒயரிங் பண்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதிக்கோங்க, அப்புறம் கழட்டி மாட்டறது தலைவலி. மொத்தம் 14 இன்புட், எல்லாத்தையும் டிஃபரென்ஷியலா போட்டா 7 தான்.

எதுக்கு டிஃபரென்ஷியல்னா, ஐஸ் கம்பெனி மாதிரி எடத்துல மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்பல்லாம், ஸ்டார் டெல்டா மாறறப்பல்லாம், தரைக்கும் பெட்டி கிரவுண்டுக்கும் நடுவுல சின்ன சின்ன வோல்டேஜ் வந்து போகும். சென்சார் ஒயர் ரெண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்கும், டிஃபரென்ஷியல்ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கறதால அந்த ஆட்டம் பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். வோல்ட் கணக்குல வர்ற சிக்னலுக்கு சிங்கிள் எண்டட் ஓகே, மில்லிவோல்ட் சிக்னல் எதுவா இருந்தாலும் நான் யோசிக்காம டிஃபரென்ஷியல்தான் போடுவேன். ஒண்ணு மட்டும் கவனம், தெர்மோகப்பிள் முனை பைப்போட ஒட்டாம தனியா இருக்கிற டைப்பா இருந்தா, அது அந்தரத்துல தொங்கிட்டு இருக்கும், டிஃபரென்ஷியல்ல அதுக்கும் ஒரு பிடிமானம் வேணும், நெகட்டிவ் ஒயர்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம்ல இருந்து 100 கிலோ ஓம்க்குள்ள ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க. அது இல்லன்னா ரீடிங் மெதுவா எங்கயோ நகர்ந்து போயிட்டே இருக்கும், நீங்க சென்சாரை சந்தேகப்படுவீங்க.

தெர்மோகப்பிள்ல இன்னொரு மேட்டர் கோல்ட் ஜங்ஷன். தெர்மோகப்பிள் சொல்றது அந்த முனைக்கும் பெட்டி டெர்மினலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் மட்டும்தான், டெர்மினல் என்ன சூட்டுல இருக்குன்னு தனியா தெரிஞ்சாத்தான் முழு நம்பர் வரும். டி7க்குள்ளயே ஒரு டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, சேனல்ல கே டைப்னு சொல்லிட்டா, அதாவது 22ங்கிற இண்டெக்ஸ் போட்டா, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு டிகிரில குடுத்துடும், நாம டேபிள் பாத்து கணக்குப் போட வேண்டியதில்ல. டெர்மினல்ல ஒரு டிகிரி தப்பா இருந்தா ரீடிங்லயும் ஒரு டிகிரி தப்பு. அதனால டெர்மினல் மேல நேரா ஃபேன் காத்து அடிக்கற மாதிரியோ, பக்கத்துல சூடாகற பவர் சப்ளை இருக்கற மாதிரியோ வைக்காதீங்க, எக்ஸ்டென்ஷன் கேபிளும் கே டைப் கேபிளாத்தான் இருக்கணும், நடுவுல சாதா செம்பு ஒயர் போட்டு நீட்டினா நீட்டின எடம்தான் உங்க கோல்ட் ஜங்ஷன்.

இப்ப பிரைன் டேங்க்குக்கு வரேன், இந்த வேலைல நான் அதிகமா நேரம் செலவழிச்சது இங்கதான், பெட்டியும் இங்கதான் அதோட மதிப்பைக் காட்டுச்சு. டேங்க் மைனஸ் 10 டிகிரி சுமாருக்கு ஓடும். இந்த மாதிரி கூலான எடத்துக்கு தெர்மோகப்பிளை விட பிடி100, அதாவது சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறற பிளாட்டினம் சென்சார், நல்லது. 0 டிகிரில 100 ஓம், ஒரு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம் மாறும், மைனஸ் 10ல 96.09 ஓம். பழைய செட்டப்ல ரெண்டு ஒயர்லதான் இழுத்திருந்தாங்க. டேங்க்ல இருந்து கேபினுக்கு 20 மீட்டர்னு வச்சுக்கோங்க, போக வர 40 மீட்டர், 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர்னா அந்த ஒயரோட ரெசிஸ்டன்ஸே கிட்டத்தட்ட 1.4 ஓம் வரும், அது அப்படியே சென்சாரோட சேர்ந்துக்கும். 1.4 ஓம்னா 3.6 டிகிரி. டேங்க் உண்மைல மைனஸ் 10ல இருக்கும், ஸ்க்ரீன்ல மைனஸ் 6.4னு காட்டும். ஆபரேட்டர் என்ன பண்ணுவாரு, இன்னும் கூல் ஆகலன்னு கம்ப்ரஸரை ஓட்டிட்டே இருப்பாரு. இது வெறும் நம்பர் தப்பு கெடையாது, மாசா மாசம் ஈபிக்குக் கட்டற காசு.

டி7ல 200 மைக்ரோ ஆம்ப் குடுக்கற ஒரு கரண்ட் சோர்ஸ் டெர்மினல் பெட்டிலயே இருக்கு, இது ரொம்ப உபயோகம். அதுல இருந்து கரண்டை முதல் பிடி100க்குள்ள விட்டு, அதுல இருந்து ரெண்டாவதுக்கு, அப்புறம் மூணாவதுக்கு, கடைசில கிரவுண்டுனு ஒரே சங்கிலியா கோத்துட்டேன். ஒவ்வொரு பிடி100 தலைலயும் தனியா ரெண்டு ஒயர் எடுத்து 0-1, 2-3, 4-5னு டிஃபரென்ஷியல் ஜோடி. அளக்கற ஒயர்ல கரண்ட் போறதே இல்லன்னு சொல்லலாம், அதனால ஒயர் எவ்ளோ நீளமா இருந்தாலும் அதோட ரெசிஸ்டன்ஸ் கணக்குல வராது, இதுதான் நாலு ஒயர் முறை. அதே சங்கிலில கேபினுக்குள்ளயே 100 ஓம் 0.1 சதவீத ரெசிஸ்டர் ஒண்ணையும் சேர்த்து 6-7ல போட்டேன். கரண்ட் சோர்ஸ் வெயிலுக்குக் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த ரெசிஸ்டர் ரீடிங்கும் அதே அளவு நகரும், அதை வச்சு மத்த மூணையும் சரி பண்ணிக்கலாம். இதுல ஒரு மைனஸ் இருக்கு, சங்கிலில எங்கயாவது ஒரு ஒயர் அறுந்தா மூணு ரீடிங்கும் ஒண்ணா போயிடும். ஆனா போனது உடனே தெரிஞ்சுடும், தப்பா காட்டிக்கிட்டே ஓடாது, அதனால எனக்கு ஓகே.

ரேஞ்ச் இங்கயும் யோசிச்சுதான் போடணும். 100 ஓம்ல 200 மைக்ரோ ஆம்ப் போனா 20 மில்லிவோல்ட். சின்ன சிக்னல்தானே, இருக்கறதுலயே சின்ன ரேஞ்சைப் போடுவோம்னு ±0.01 போட்டீங்கன்னா அது 10 மில்லிவோல்ட் வரைக்கும்தான், சேனல் முட்டிக்கிட்டு நின்னுடும். ±0.1 தான் சரி, ஒரு டிகிரிக்கு 77 மைக்ரோவோல்ட், ஒரு படி 3 மைக்ரோவோல்ட், அதாவது 0.04 டிகிரி. ஐஸ் கம்பெனிக்கு இதுக்கு மேல என்ன வேணும். சேனல் டைப்ல பிடி100னு சொல்ற இண்டெக்ஸ் 40, அதைப் போட்டா ஓமையும் டிகிரியையும் அதுவே குடுக்கும்.

செக் பண்றது எப்படின்னா, ஐஸ் கம்பெனில ஐஸுக்கா பஞ்சம். நல்ல தண்ணில கட்டின ஐஸை நல்லா தூளாக்கி, ஆர்ஓ தண்ணி கொஞ்சமா ஊத்தி, ஃபிளாஸ்க்ல கெட்டியா நிரப்பி பிடி100ஐ உள்ள விட்டு கலக்கிட்டே இருந்தா 0 டிகிரி வரணும். உப்புத்தண்ணி ஒரு சொட்டு பட்ட ஐஸைக்கூட எடுக்காதீங்க, உப்பு பட்டா உருகற டெம்பரேச்சர் கீழ போயிடும், நீங்க நல்லா இருக்கற சேனலுக்கு தப்பான திருத்தம் போட்டுடுவீங்க. பாரை தண்ணி விட்டு நல்லா கழுவிட்டு உடைங்க.

பிரஷர் ட்ரான்ஸ்மிட்டர் ரெண்டும் 4-20 மில்லி ஆம்ப், அதாவது பிரஷருக்கு ஏத்த மாதிரி 4ல இருந்து 20 மில்லி ஆம்ப் கரண்ட் குடுக்கற டைப். டி7 கரண்டை நேரா அளக்காது, வோல்டேஜ் மட்டும்தான், அதனால கரண்டை வோல்டேஜா மாத்தற ஷண்ட் ரெசிஸ்டர் நாம போடணும். எல்லாரும் பழக்கத்துல 250 ஓம் போடுவாங்க, 1ல இருந்து 5 வோல்ட் வரும், மத்த பெட்டிங்களுக்கு அது சரி. ஆனா டி7ல 5 வோல்ட் ரேஞ்ச்னு ஒண்ணு கெடையாது, ±10ல போடணும், பாதி ரேஞ்ச் சும்மா கெடக்கும். நான் 47 ஓம் 0.1 சதவீதம் போட்டேன், 20 மில்லி ஆம்ப்ல 0.94 வோல்ட், ±1 ரேஞ்சுக்குள்ள அழகா அடங்குது, ரெசல்யூஷனும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கெடைக்குது, லூப்ல வோல்டேஜ் டிராப்பும் கம்மி. டிஸ்சார்ஜ் ட்ரான்ஸ்மிட்டர் 0-25 பார் (இது பிரஷர் யூனிட், ஐஸ் பார் இல்ல), அப்ப 0.188 வோல்ட்னா 0 பார், 0.94னா 25 பார். இதை ஸ்லோப் ஆஃப்செட்டா, அதாவது வோல்டை ஒரு நம்பரால பெருக்கி இன்னொரு நம்பரைக் கூட்டற கணக்கா, பெட்டிக்குள்ளயே எழுதிடலாம், ஸ்லோப் 33.24, ஆஃப்செட் மைனஸ் 6.25, அப்புறம் பெட்டியே பார்ல பேசும். லூப் கேலிப்ரேட்டர் (சொன்ன அளவு கரண்டை அனுப்பற கருவி) வச்சு 4, 12, 20 மில்லி ஆம்ப் மூணும் விட்டுப் பாத்தோம், 0, 12.5, 25னு நின்னுச்சு, ஆபரேட்டர் அண்ணன் பழைய முள்ளு கேஜ் கூட ஒத்துப் பாத்துட்டு "ம், இது பேசுது"ன்னாரு. அவரு அப்படி சொல்றது பெரிய சர்டிஃபிகேட்.

4-20ல உள்ள வசதியே 0 பார்லயும் 4 மில்லி ஆம்ப் ஓடும், அதனால 3.6 மில்லி ஆம்ப்க்கு கீழ போனா ஒயர் அறுந்துச்சு இல்லன்னா ட்ரான்ஸ்மிட்டர் போச்சுன்னு அர்த்தம். ஸ்லோப் ஆஃப்செட் போட்டுட்டா இது மைனஸ் பிரஷரா தெரியும், அதைப் பாத்துட்டு சும்மா விடாம அதுக்கு ஒரு அலாரம் போடுங்க. அமோனியா லைன்ல பிரஷர் தெரியாம ஓட்டறது உயிரோட விளையாடற மாதிரி. சேஃப்டி கட்-அவுட் எல்லாம் தனியா ஹார்டுவேர்ல இருக்கணும், அதை இந்தப் பெட்டியை நம்பி விடவே கூடாது, இது பதிவு பண்றதுக்கு மட்டும்தான்.

மோட்டார் கரண்ட்டுக்கு 333 மில்லிவோல்ட் டைப் சிடி, அதாவது மோட்டார் ஒயரைச் சுத்தி மாட்டற கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், போட்டேன். 5 ஆம்ப் செகண்டரி சிடியைக் கழட்டி ஓபனா விட்டா முனைல ஆபத்தான வோல்டேஜ் வரும், 333 மில்லிவோல்ட் டைப்ல கரண்டை வோல்டேஜா மாத்தற பர்டன் ரெசிஸ்டர் உள்ளயே இருக்கறதால அந்த பயம் இல்ல. உச்சத்துல 0.47 வோல்ட், ±1 ரேஞ்ச் போதும். ஆனா இது 50 ஹெர்ட்ஸ் ஏசி, செகண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பாத்தா அலையோட எந்த எடத்துல மாட்டுச்சோ அந்த நம்பர்தான் வரும், ஒரு தடவை பிளஸ், ஒரு தடவை மைனஸ், ஒரு தடவை 0. சேனல் டைப்பை ஆர்எம்எஸ்னு வச்சா பெட்டி அலையை வேகமா சாம்பிள் எடுத்து கணக்குப் போட்டு ஒரே நம்பரா குடுக்கும். ஒரு அலை 20 மில்லி செகண்ட், அதுல பல அலை கவர் ஆகற மாதிரி சாம்பிள் எண்ணிக்கையை வச்சுக்கோங்க.

சும்மா விட்ட சேனல் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இதுல பயந்து பெட்டியைத் திருப்பி அனுப்பினவங்க இருக்காங்க. டி7க்குள்ள ஏடிசி, அதாவது வோல்டேஜை நம்பரா மாத்தற சிப், ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா கெடையாது, ஒண்ணுதான் மாறி மாறி எல்லா சேனலையும் பாக்குது. ஒண்ணுமே கனெக்ட் பண்ணாத சேனலைப் படிச்சா, அதுக்கு முன்னாடி படிச்ச சேனலோட வோல்டேஜ் மிச்சம் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும், பக்கத்து வீட்டு பாட்டு நம்ம வீட்டுல கேக்கற மாதிரி. 11ல பிரஷர் ஏறினா காலி 13ம் ஏறும். இது ரிப்பேர் கெடையாது, காலி சேனலை கிரவுண்டோட ஒரு துண்டு ஒயர்ல சேர்த்துடுங்க, 0க்கு வந்துரும். கிரவுண்ட் பண்ணியும் 0 வரலன்னாதான் பெட்டியை சந்தேகப்படணும். கனெக்ட் பண்ணின சேனல்லயே பக்கத்து சேனல் நிழல் தெரிஞ்சா சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, செட்டிலிங் டைமை, அதாவது சேனல் மாறினப்புறம் அளக்கறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரத்தை, ஆட்டோல விடாம மைக்ரோ செகண்ட்ல கூட்டிப் பாருங்க.

சாஃப்ட்வேர் பேரு கிப்ளிங், ஃப்ரீ, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அனலாக் இன்புட்ஸ் பக்கத்துல ஒவ்வொரு சேனலையும் விரிச்சு ரேஞ்ச், நெகட்டிவ் சேனல், சென்சார் டைப் எல்லாம் அங்கயே மாத்தி அங்கயே ரீடிங் பாக்கலாம், புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுவே பெரிய பாடம், ±10ல இருந்து ±0.1க்கு மாத்தினா நம்பர் எப்படி அடங்குதுன்னு கண்ணு முன்னாடி தெரியும். பவர் வந்ததும் என்ன செட்டிங்ல எழுந்திரிக்கணும்னும் பெட்டில சேவ் பண்ணலாம். வட சென்னைல ஃபீடர் டிரிப் ஆகறதுக்கு நேரங்காலமே கெடையாது, அதனால நான் அதையும் முழுசா நம்பாம, பைத்தான்ல எழுதின லாகர் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகறப்பவும் எல்லா சேனல் செட்டிங்கையும் திரும்ப எழுதி, எழுதினதைப் படிச்சு ஒத்துப் பாத்துட்டுதான் பதிவை ஆரம்பிக்கற மாதிரி வச்சிருக்கேன். மோட்பஸ் டிசிபியும் (ஃபேக்டரி மெஷினுங்க நெட்வொர்க்ல பேசற முறை) பேசும், நாளைக்கு பிஎல்சி (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) போட்டா அதுவும் நேரா படிச்சுக்கலாம்.

பெட்டில ஐசொலேஷன், அதாவது இன்புட்டையும் கம்ப்யூட்டரையும் மின்சார ரீதியா பிரிச்சு வைக்கற ஏற்பாடு, இல்ல, இது டிசைன்லயே அப்படித்தான், இன்புட் கிரவுண்டும் யூஎஸ்பி கிரவுண்டும் ஒண்ணுதான். டேபிள்ல வச்சு விளையாடறதுக்கு பரவால்ல, கம்பெனில எர்த் ஆன பிசியோட யூஎஸ்பில சேர்த்தா கிரவுண்ட் லூப் (ரெண்டு எர்த்துக்கு நடுவுல கரண்ட் ஓடி ரீடிங்கைக் கெடுக்கறது) வர வழி உண்டு. ஈதர்நெட் பக்கம் ஐசொலேஷன் இருக்கு, அதனால நான் பவருக்கு தனி அடாப்டர், டேட்டாவுக்கு ஈதர்நெட்னு போட்டுட்டேன். கேபிள் ஷீல்டை கேபின் பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணினேன், ரெண்டு பக்கமும் பண்ணாதீங்க.

வைக்கற எடம் ரொம்ப முக்கியம். காசிமேட்டு உப்புக்காத்துல ஸ்க்ரூ டெர்மினல் சீக்கிரமே பச்சை புடிச்சுடும், அமோனியா ஈரத்தோட சேர்ந்தா செம்பு பித்தளை ரெண்டையும் அரிச்சுடும். கம்ப்ரஸர் ரூமுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, தனி கேபின்ல தூசி தண்ணி புகாத ஐபி65 பெட்டிக்குள்ள, கேபிள் கிளாண்ட் போட்டு, ஒயர் முனைக்கெல்லாம் டின் பூசின ஃபெரூல் அடிச்சு வைங்க. ஐபி65 பெட்டி, கிளாண்ட், ஃபெரூல் எல்லாம் மண்ணடி செம்புதாஸ் தெரு பக்கம் ஒரு நடை போனா முடிஞ்சுது. சிலிக்கா ஜெல் பாக்கெட் உள்ள போட்டு நிறம் மாறினா மாத்துங்க.

மத்த பெட்டியோட ஒப்பிட்டா, காலேஜ்ல எல்லாம் இருக்கிற என்ஐ (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) யூஎஸ்பி-6009 எட்டு சிங்கிள் எண்டட் இல்லன்னா நாலு டிஃபரென்ஷியல், 14 பிட், செகண்டுக்கு 48,000 சாம்பிள். வோல்ட் சிக்னலுக்கு நல்ல ஐட்டம், நானும் உபயோகப்படுத்துவேன். ஆனா அதோட சின்ன ரேஞ்சே ±1 வோல்ட், கே டைப்பை நேரா போட்டா ஒரு படி சுமார் 3 டிகிரி, அது அந்த வேலைக்குப் பண்ணின பெட்டி இல்ல. தெர்மோகப்பிள் மட்டுமே நெறைய இருக்கற எடம்னா, பட்ஜெட்டும் இருந்தா, அதே கம்பெனியோட 9213 மாட்யூல்தான் பெஸ்ட், 16 தெர்மோகப்பிள், 24 பிட், கோல்ட் ஜங்ஷன் உள்ளயே. கத்துக்கறதுக்குன்னா ரிச்சி தெருல கெடைக்கற ஏடிஎஸ்1115 போர்டு போதும், நாலு சேனல், சின்ன ரேஞ்ச் ±0.256 வோல்ட், ஆனா தப்பா ஒரு 24 வோல்ட் பட்டா போர்டு காலி, கம்பெனில போடாதீங்க.

டி7க்கு முடியாத வேலையும் இருக்கு. இந்தப் பெட்டியால முடியற செகண்டுக்கு 1 லட்சம் சாம்பிள்ங்கறது எல்லா சேனலுக்கும் சேர்த்து, 10 சேனல் ஓட்டினா ஆளுக்கு 10,000 தான், அதுவும் ஒண்ணு பின்னாடி ஒண்ணாதான் எடுக்கும், எல்லாத்தையும் ஒரே சமயத்துல எடுக்காது. கம்ப்ரஸர் பேரிங் வைப்ரேஷன் பாக்கணும்னு ஓனர் கேட்டாரு, ஐஇபிஇங்கிற வைப்ரேஷன் சென்சாருக்கு 2-20 மில்லி ஆம்ப் கான்ஸ்டன்ட் கரண்ட், 18-30 வோல்ட் சப்ளை வேணும், இதுல அது கெடையாது, அதுக்கு வேற மாட்யூல்தான் பாக்கணும்னு நேராவே சொல்லிட்டேன். வைஃபையும் 24 பிட் ஏடிசியும் வேணும்னா டி7 ப்ரோ இருக்கு, ஐஸ் கம்பெனிக்கு சாதா டி7 தாராளம்.

வாங்கறப்ப ஒண்ணு மறந்துடாதீங்க, பெட்டி மேல ஸ்க்ரூ டெர்மினலா இருக்கறது 0ல இருந்து 3 வரைக்கும் நாலு இன்புட்தான், 14ம் கெடைக்கணும்னா டிபி37 கனெக்டர் வழியாத்தான் எடுக்கணும். அந்த கனெக்டர்ல மாட்டற சிபி37 டெர்மினல் போர்டைப் பெட்டியோட சேர்த்தே ஆர்டர் போடுங்க. எனக்கு வித்த டீலர் அதைப் பத்தி வாயே திறக்கல, டேட்டாஷீட் படிச்சிருந்ததால நானா கேட்டு வாங்கினேன். தெர்மோகப்பிளை அந்த போர்டுல மாட்டறதா இருந்தா போர்டை பெட்டியோட ஒட்டி வைங்க, ரெண்டும் தள்ளி இருந்தா கோல்ட் ஜங்ஷன் டெம்பரேச்சர் பெட்டியோடதா போர்டோடதான்னு குழப்பமாயிடும், கே டைப்பை மட்டும் 2-3ல பெட்டி டெர்மினல்லயே நேரா மாட்டிட்டு பிடி100 ஜோடிங்களை போர்டுக்குத் தள்ளிட்டாலும் சரிதான்.